மகனின் தலைவலிக்காகச் செய்த சக்கரம்: டன்லொப்பும் சப்ரகமுவவின் இறப்பர் மரங்களும்

எட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையொன்றில் என்னுடைய மடிப்புச் சைக்கிளை முதன்முதலாக ஓட்டிய அன்று, முக்கால் மணித்தியாலத்துக்குள் இரண்டு உள்ளங்கைகளும் விறைத்துப்போயின. கொழும்பில் பழையதாக வாங்கிய சைக்கிள். மடித்து பஸ்ஸில் ஏற்றலாம், இறங்கிய இடத்திலிருந்து தோட்டங்களுக்கு ஓட்டிப் போகலாம் என்பதுதான் கணக்கு. 20 அங்குலச் சக்கரம், ஒல்லியான டயர், கல்லுப்போல் காற்று. தார் றோட்டில் குறை சொல்ல முடியாது. தோட்டத்துக் கல்லுப் பாதையில், பெரிய சைக்கிள் உருண்டு தாண்டிவிடும் குழிகளிலெல்லாம் இது விழுந்து எழும்பியது.

கீழே சந்தியில் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒல்லி டயரைக் கழற்றிவிட்டுச் சட்டத்துக்குள் அடங்கக்கூடிய ஆகத் தடித்த டயரைப் போட்டார். ஹேண்டிலை உயர்த்தினார். இருக்கையை மாற்றினார். ஏற்றத்துக்காகப் பின்சக்கரத்தில் பெரிய பல்லுச் சில்லு ஒன்றைப் பொருத்தினார். கடைசியாக, நான் அடித்து வைத்திருந்த காற்றில் ஒரு பங்கைத் திறந்துவிட்டார். அங்கேதான் நான் மறித்தேன். காற்றுக் குறைந்தால் சைக்கிள் இழுக்குமே, வேகம் போய்விடுமே என்பது என் பயம். சொகுசு வேண்டுமென்றால் வேகத்தை விடவேண்டும், வேகம் வேண்டுமென்றால் உடம்பு நோகவேண்டும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

மறுபடி ஏறியபோது அதே ஏற்றம் முன்னையைவிடச் சுருக்காக முடிந்தது. கையும் விறைக்கவில்லை. (காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் றிம் அடிபட்டு டியூப் இரண்டு இடத்தில் வெட்டும். அதையும் பிறகொரு நாள் அனுபவித்தேன்.) காரணம் எளியது. இறுகிய சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே போகவேண்டிய பலம் மேலே எழும்புவதில் வீணாகிறது. மெதுவான சக்கரமோ கல்லை உள்வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. இதை 130 ஆண்டுகளுக்கும் முன்னர், தன்னுடைய பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிளில் கண்டுபிடித்தவர் ஒரு மிருக வைத்தியர். அவருடைய பெயரை நாங்கள் டயரின் பக்கவாட்டில் வாசித்திருப்போம். ஆளை அறிந்தவர்கள் குறைவு.

ஜோன் போய்ட் டன்லொப் 1840 பெப்ரவரி 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் ட்ரெகோர்ன் என்ற ஊரில், கமக்காரக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை, உடம்பு தாங்காது என்று சொல்லியே வளர்த்தார்கள். அந்தச் சொல் அவருக்குள் ஊறிவிட்டது. பெரிய நோய் எதுவும் வராமலே 81 வயது வரை வாழ்ந்த மனிதர், வாழ்நாள் முழுவதும் தன்னை நோஞ்சான் என்றே எண்ணி, அலுங்காமல் குலுங்காமல் நடந்துகொண்டார். காற்றுச் சக்கரத்தின் கதையை இந்தச் சின்ன விடயத்தோடு சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்து 19 வயதிலேயே தேறினார். 1867இல் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பற்றிக்கில் சகோதரரோடு சேர்ந்து வைத்தியசாலை, பிறகு பெல்பாஸ்ட் நகரின் மே ஸ்ட்ரீட்டில் சொந்தத் தொழில். 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சனை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். 1880களின் நடுப்பகுதியில் அவருடையது அயர்லாந்தின் மிகப்பெரிய மிருக வைத்தியசாலைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது.

அன்றைய பெல்பாஸ்ட் லினன் துணி ஆலைகளும் துறைமுகமும் உள்ள நகரம். தெருவெல்லாம் கருங்கல் பதித்தது. நடுவே டிராம் தண்டவாளங்கள். பாரம் முழுவதையும் இழுத்தவை குதிரைகள். கல்லில் அடிபட்டு நொண்டும் குதிரைகளைத்தான் டன்லொப் நாளாந்தம் பார்த்திருப்பார். சக்கரம் கல்லில் மோதும்போது அந்த அடி எங்கே போய்ச் சேர்கிறது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விடயமல்ல.

1887இல் மகன் ஜொனியிடம் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதற்கு இறுகிய சக்கரங்கள். கல்லுத் தெருவில் ஓட்டிவிட்டு வந்தால் பிள்ளைக்குத் தலையிடி. தகப்பன் வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்றடி விட்டமுள்ள மரத்தட்டு ஒன்றை எடுத்து, மெல்லிய இறப்பர் தகட்டால் குழாய் செய்து அதைச் சுற்றிப் பொருத்தி, மேலே லினன் துணியால் கட்டினார். உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றை ஏற்றி, குழாயின் வாயை நூலால் கட்டினார். இன்றைக்கும் பிள்ளைகள் பலூனுக்குச் செய்கிற வேலைதான்.

பிறகு அவர் செய்த பரிசோதனைக்கு எந்த ஆய்வுகூடமும் தேவைப்படவில்லை. சைக்கிளிலிருந்த சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். அது கொஞ்சத் தூரம் போய்ச் சாய்ந்தது. காற்றடைத்த தட்டையும் அதேபோல் உருட்டினார். அது முற்றம் முழுவதையும் தாண்டிப் போய், கேற் தூணில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளைக்கு நோகக்கூடாது என்பதற்காகச் செய்த சக்கரம், கேளாமலே வேகத்தையும் கொண்டுவந்து கொடுத்தது. அடுத்ததாகச் சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். 1888 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பரில் கிடைத்தது.

சந்தையில் முதலில் கிடைத்தது நக்கல்தான். ஊதிப் பெருத்த அந்த டயரைத் தின்பண்டங்களோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். 1889 மே 18ஆம் திகதி பெல்பாஸ்ட் குயீன்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் அந்தச் சிரிப்பு நின்றது. வில்லி ஹியூம் என்ற உள்ளூர்ப் பந்தயக்காரர் காற்று டயர் போட்ட சைக்கிளில் வந்து, நடந்த நான்கு சைக்கிள் பந்தயங்களையும் வென்றார். பிறகு லிவர்பூலுக்குப் போய் அங்கேயும், ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வென்றார். அவரிடம் தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற டப்ளின் வணிகரின் பிள்ளைகளும் அடக்கம். மகன்மார் தோற்றதைப் பார்த்த தகப்பன் கோபப்படவில்லை. அந்த டயருக்குப் பின்னாலிருந்த பணத்தைக் கண்டுகொண்டார். அதே ஆண்டு 25,000 பவுண் மூலதனத்தோடு டப்ளினில் கம்பனி பிறந்தது. டன்லொப் தன்னுடைய காப்புரிமையைக் கொடுத்து 1,500 பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் அந்தக் காப்புரிமை செல்லாது என்பது பிறகு தெரியவந்தது. இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர், ரொபர்ட் வில்லியம் தொம்சன், 1845 டிசம்பரிலேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். தோல் உறைக்குள் இறப்பர் குழாய் வைத்து, குதிரை வண்டிகளில் பூட்டி, லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது மிதிசைக்கிள் என்ற பொருளே இல்லை. தேவை பிறக்கும் முன்னர் பிறந்த கண்டுபிடிப்பு. தொம்சன் 1873இல் இறந்தார், சக்கரமும் மறக்கப்பட்டது. டன்லொப் அவரிடமிருந்து எடுக்கவில்லை என்பதையும், முதலாவது ஆள் டன்லொப் அல்ல என்பதையும் ஒன்றாகவே ஏற்கவேண்டும். கம்பனியைக் காப்பாற்றியவை, டயரை றிம்மிலிருந்து கழற்றிப் பூட்ட வழிசெய்த வெல்ச், பார்ட்லெட் ஆகிய வேறிருவரின் காப்புரிமைகள். அவற்றைக் கம்பனி விலைக்கு வாங்கியது.

டப்ளின் தொழிற்சாலை நெடுநாள் நிலைக்கவில்லை. இறப்பரும் நப்தாவும் கலந்த வாடை தாங்க முடியவில்லை என்று அயலவர்கள் முறையிட்டார்கள். நகரசபை தலையிட்டது. உற்பத்தி இங்கிலாந்தின் கொவென்ட்ரிக்குப் போனது. இதை வாசித்தபோது எனக்குத் தெரணியகலப் பக்கத்து லயங்கள் நினைவுக்கு வந்தன. ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும், அமிலம் கலந்த கழிவுநீரின் மணமும், புகைக்கூடத்துப் புகையும் அங்கே நான்கைந்து தலைமுறைகளாகக் குடியிருக்கின்றன. அவற்றை எங்கேயும் மாற்றச்சொல்லி எந்த நகரசபையும் சொன்னதில்லை.

எங்கள் மண்ணுக்கு இந்தக் கதை வந்த வழி இதுதான். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,900க்கும் அதிகமான கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹா ஹெனரத்கொடத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். பல ஆண்டுகள் அவை வெறும் வேடிக்கை மரங்கள். தாவரவியலாளர் ஹென்றி ட்ரைமன் அங்கே பால் வெட்டிப் பரிசோதிக்கத் தொடங்கியது 1888இல். டன்லொப் காப்புரிமை எடுத்த அதே ஆண்டு. பெல்பாஸ்டும் கம்பஹாவும் ஒன்றையொன்று அறியாது.

சைக்கிள் பெருகியது, பிறகு மோட்டார் கார் வந்தது. காட்டு இறப்பர் போதவில்லை. அந்தப் பசிக்காகக் கொங்கோவில் லியோபோல்ட் மன்னரின் ஆட்கள் செய்த கொடுமைகள் உலகறிந்தவை. ஆசியாவில் அதே பசி தோட்டமாக வந்தது. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்கு மாறிய துரைமார், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாழ்ந்த, மழை கூடிய மலைச்சரிவுகளில் இறப்பரை நட்டார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் தொட்டது. தேயிலையும் இறப்பரும் அதில்தான் கீழே இறங்கின. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனத்தின் ஒரு பகுதி எஹெலியகொடை, தெஹியோவிட்ட, காவத்தை, இறக்குவானை என்று மேலே ஏறியது.

பால் வெட்டு விடியுமுன் தொடங்கும். குளிர்ந்த நேரத்தில்தான் மரம் பால் விடும், வெயில் ஏறினால் வெட்டு அடைத்துக்கொள்ளும். பட்டையை ஒரு மயிரளவு சீவவேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. சிரட்டையில் சொட்டியதைச் சேர்த்து வாளியில் சுமந்து இறங்கவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலங்கையில் கூடுதலாக மழை பெய்யும் மாவட்டங்களில் ஒன்று இரத்தினபுரி என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது, நேச நாடுகளுக்கு மிஞ்சியிருந்த பெரிய இயற்கை இறப்பர் மூலம் இந்தத் தீவுதான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று இரட்டிப்பாக வெட்டச் சொன்னார்கள். அந்தப் போரின் டயர்களில் எங்கள் சிரட்டைப் பாலும் இருந்தது. அந்தப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வெட்டியவர்களை நாடற்றவர்களாக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கியது. போனவர்களில் ஒரு பகுதியினர் கன்னியாகுமரியிலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் மறுபடியும் இறப்பர் மரத்தடியிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1977இலும் 1981இலும் சப்ரகமுவ லயங்கள் எரிந்தபோது இன்னொரு பகுதியினர் வவுனியாவுக்கு ஓடினார்கள். காந்தியம் அமைப்பு அவர்களைப் பண்ணைகளில் குடியேற்றியது. ஓடியவர்களை அங்கே போர் எதிர்கொண்டது.

வடக்கில் எரிபொருளும் மின்கலமும் தடுக்கப்பட்ட ஆண்டுகளில் சைக்கிள்தான் லொறி, அம்புலன்ஸ், ஜெனரேட்டர் எல்லாம். ஒருவர் மிதிக்க, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டோம் என்று சொல்லாத யாழ்ப்பாண வீடு குறைவு. நூல் தெரிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து, வன்னிக் கிரவல் றோட்டில் நெல் மூட்டையும் நோயாளியையும் ஏற்றினார்கள். 2009 மே மாதம் அதே சைக்கிள்கள் முல்லைத்தீவுக் கரையோரம் குவியலாகக் கிடந்தன. அவற்றுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. தோட்டத்தில் டயர் என்பார்கள், வடக்கில் ரயர் என்பார்கள். காவத்தையிலிருந்து 81இல் ஓடி, வன்னியில் 2009ஐக் கடந்த வீடுகளில் இரண்டு சொல்லும் கேட்கும்.

டன்லொப்புக்கு இந்தத் தோட்டங்களோடு நேரடித் தொடர்பு இருந்ததில்லை. அவர் வில்லனும் அல்ல. கம்பனி அவருடைய கைக்கு மீறி வளர்ந்தபோது அவர் பின்வாங்கினார். 1895இல் விலகிவிட்டார். அடுத்த ஆண்டே டெரா ஹூலி என்ற பங்குச்சந்தைப் புள்ளி அந்தக் கம்பனியை 30 இலட்சம் பவுணுக்கு வாங்கி, உடனே 50 இலட்சத்துக்குப் பொதுமக்களிடம் விற்றார். அந்தப் பெரும்பணம் டன்லொப்பின் கைக்கு வரவில்லை. அவர் டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரத்தில் பங்கெடுத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். ஆள் விலகினாலும் பெயரை விட அவர்கள் தயாராக இல்லை. உலகத்தின் தெருக்களிலெல்லாம் அது அச்சாகி ஓடியது.

கடைசிக் காலத்தில் அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோனதும் அதுதான். கம்பனி விளம்பரங்களில் அவருடைய தாடி முகத்தை எடுத்து, வேறொருவரின் நெடிய உடம்பில் ஒட்டி, உயரத் தொப்பியும் கைத்தடியும் கொடுத்து, மிடுக்கான மைனராக வரைந்திருந்தார்கள். கூச்ச சுபாவமுள்ள அந்த வைத்தியரை அது நோகடித்தது. தன் பெயரையே தாங்கிய கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டார். இங்கிலாந்துக் கம்பனியை அயர்லாந்து நீதிமன்றம் அழைக்கலாமா என்ற கேள்வியே பிரபுக்கள் சபை வரை சென்றது. பணத்தைப் பற்றி அவர் இந்தளவுக்குச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. முகத்துக்காகப் போட்டார். பெயர் பிழையாக எழுதப்பட்ட அடையாள அட்டையோடு அலைந்த எங்கள் தோட்டத்து மூத்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும்.

1921 ஒக்டோபரில் தடிமன் காய்ச்சல் போல ஏதோ வந்தது. 23ஆம் திகதி டப்ளின் போல்ஸ்பிரிட்ஜ் வீட்டில் இறந்தார். டீன்ஸ்கிரேஞ்ச் மயானத்தில் அடக்கம். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதிய புத்தகம் மரணத்துக்குப் பிறகே வெளிவந்தது.

இன்று இலங்கை இறப்பரில் பெரும்பங்கு இங்கேயே பொருளாகிறது. பாரந்தூக்கி வாகனங்களுக்கான காற்றில்லாத திண்ம டயர்களைச் செய்வதில் இந்த நாடு உலகில் முன்னணியில் இருக்கிறது. ஜொனிக்குத் தலையிடி கொடுத்த வகை டயர்தான், வேறு அளவில். டன்லொப் அறிந்தால் என்ன நினைப்பாரோ.

போன மாதம் மறுபடி எட்டியாந்தோட்டைக்குப் போனேன். பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. சந்தி ஐயா டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கவேயில்லை. நேரே வால்வைத் திருகிக் கழற்றினார். அந்த வகை வால்வை உலகமெங்கும் டன்லொப் வால்வு என்கிறார்கள், செய்தவர் வூட்ஸ் என்ற வேறொருவர். அதற்குள்ளிருந்த விரல்நுனி அளவு இறப்பர்க் குழாய் உக்கியிருந்தது. தகரப் பேணியொன்றில் சேர்த்து வைத்திருந்த குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி, எச்சில் தொட்டு வால்வில் ஏற்றினார். தன் தகப்பன் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று வேலைக்கு நடுவில் சொன்னார். பம்பை இருபது தரம் அடித்துவிட்டுப் பெருவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தார். காசு வேண்டாம் என்றார். நான் காற்றைக் கூட்டச் சொல்லவில்லை.